ஒரு வடிகால் சட்டமும் அதைத் தாமதப்படுத்தியவரும்

அவர் எழுந்து நின்றபோது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். கையில் தாள் எதுவும் இல்லை. நான் சட்டமன்றப் பேரவையின் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். காலை பதினொன்றரை மணி இருக்கும். எங்கள் மசோதா அறிமுகமாகி, நாலு பேர் பேசி, மதியச் சாப்பாட்டுக்குள் நிறைவேறிவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். "பேரவைத் தலைவர் அவர்களே, இந்த மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்" என்றார் அவர். ஒரே வாக்கியம்தான். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அப்படிக் கேட்டால் குரல் வாக்கெடுப்பில் அடிபட்டுப்போகும். அன்று ஆளும் தரப்பிலேயே டெல்டாவைச் சேர்ந்த இரண்டு உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அமைச்சர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, அரசுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தேன். 

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். வெளியே நான் அதிகம் பேசாதவள். கோபத்தைப் பட்டியல் போட்டுத்தான் தீர்த்துக்கொள்வேன். இப்போது அவரைப் பற்றி எழுதுவது அவரை மகானாக்குவதற்காக அல்ல. அவர் மகான் இல்லை. அதை அவரே என்னிடம் பிறகு தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மசோதா எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் சிவில் இன்ஜினீயரிங் படித்தவள். செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர்வழிகளை வரைபடமாக்கும் வேலையைச் சென்னையில் நாலு வருடம் பார்த்தேன். எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஆளுங்கட்சிக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். டெல்டாவின் வடிகால்கள் அடைபட்டுக் கிடக்கின்றன, அதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று மேடம் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் கேட்டுக் கேட்டு, கடைசியில் அரசு இசைந்தது. துறையில் வரைவு எழுதத் தொடங்கியபோது, வரைபடத்துக்கும் வரையறைகளின் தொழில்நுட்பப் பகுதிக்கும் ஆள் தேவைப்பட்டது. மேடம் என்னைக் கூப்பிட்டார். வேலையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தேன்.

சேர்ந்ததற்குக் காரணம் அப்பா. எங்கள் ஊர் நீடாமங்கலத்திலிருந்து தெற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மசோதாவுக்கு முந்தைய ஐப்பசியில் எங்கள் சம்பாப் பயிர் தூர் கட்டுகிற நேரத்தில் தண்ணீரில் மூழ்கியது. மழை மூன்று நாளில் நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் ஒன்பது நாள் நின்றது. வயலைச் சுற்றி வடிகால் இருக்கிறது. ஆனால் வடிகாலிலும் அதே மட்டம்தான். பத்தாம் நாள் அப்பா வரப்பிலிருந்து இறங்கி ஒரு நெல் குத்தைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. அழுகிய முட்டை வாசம். "கீழ அடைக்கிறானுங்க. நம்ம தண்ணிய எவனோ மறிச்சு வெச்சிருக்கான்" என்றார். வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே, "இன்னும் ரெண்டு வருஷம் பாப்பேன். வடியலன்னா நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு உங்கூட மெட்ராஸ்ல வந்து ஒக்காந்துக்குறேன்" என்றார். அப்பா வெறும் பேச்சுக்கு எதையும் சொல்கிறவர் இல்லை. சென்னையில் என் இரண்டாம் மாடி வீட்டின் பால்கனியில் அவர் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே அந்தச் சட்டம் எனக்கு வெறும் வேலையாக இல்லை. எங்கள் வடிகாலையும் அதைப் போன்ற மற்றவற்றையும் செயற்கைக்கோள் படத்தில் முழுநீளமும் பார்த்தேன். ஆவணி மாதத்துப் படங்கள். மேகம் குறைவு, தெளிவாக இருக்கும். வாய்க்காலின் அகலம் திடீரென்று மாறுகிற இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதினேன். ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி அகலமாகவும், மறுபக்கம் ஒல்லியாகவும் இருந்தால் நடுவில் ஏதோ தடுக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. எங்கள் வடிகாலில் மட்டும் இருபத்து மூன்று புள்ளிகள். எங்கள் ஊரைத் தாண்டி ஆறு கிலோமீட்டரில், வடிகால் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரில், அவை நெருக்கமாக இருந்தன. அப்பாவுக்குப் போன் செய்து, "நீங்க சொன்னது சரிதான்ப்பா, கீழதான் அடைச்சிருக்காங்க" என்றேன். ஒரு குற்றத்தை நிரூபித்துவிட்ட நிறைவு எனக்கு இருந்தது.

வரைவில் 'தடை' என்பதற்கு வரையறை எழுதியதும் நான்தான். நீரோட்டத்தைக் குறைக்கும் எந்தப் பொருளும் எந்தக் கட்டுமானமும் தடை. அதோடு 'நிலையானதாயினும் தற்காலிகமானதாயினும்' என்று சேர்த்தேன். யாரும் ஓட்டையில் நுழைந்து தப்பிவிடக் கூடாது என்பதற்காக. தடையை அறிவிப்பு இல்லாமலே அகற்றலாம். வைத்தவர் மீது வழக்குப் போடலாம். சிறைத் தண்டனையும் உண்டு. மேடம் படித்துவிட்டு, "கச்சிதமா இருக்கும்மா" என்றார். கச்சிதமாகத்தான் இருந்தது.

அந்த மசோதாவைத்தான் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒரே வாக்கியத்தில் நிறுத்தினார். அவர் பக்கத்துத் தொகுதிக்காரர், அரைவை மில் நடத்தியவர், அறுபதைத் தாண்டியவர். கட்சி வேறாக இருந்தாலும் மேடம் அவரை அண்ணன் என்றுதான் சொல்வார். தேர்வுக் குழுவில் இருவரும் உறுப்பினர்கள். நான் குழுவுக்குத் தொழில்நுட்ப உதவி. முதல் அமர்விலிருந்தே என் கணினியில் 'தாமதம்' என்ற பெயரில் ஒரு கோப்பு திறந்துகொண்டேன். தேதி, காரணம், காரணமானவர், இழந்த நாட்கள் என்று நாலு பத்திகள். மூன்றாம் பத்தியில் பெரும்பாலும் அவர் பெயர்தான். என் வரைபடத்தின் தடைப் பட்டியலைத் தமிழில் அச்சடித்து எல்லா ஊராட்சிகளுக்கும் அனுப்பச் சொன்னார்: முப்பத்தெட்டு நாள். அவர் வீட்டில் கல்யாணம் என்று ஓர் அமர்வு தள்ளிப்போனது: பன்னிரண்டு நாள். சென்னையில் மட்டும் உட்கார்ந்து பேசினால் போதாது, ஒவ்வொரு வடிகாலும் முடிகிற ஊரில் கருத்துக் கேட்க வேண்டும் என்றார்: இதற்கு எத்தனை நாள் என்று எழுத முடியாமல் கேள்விக்குறி போட்டேன். கடைசியாக, என் வரைபடத்தைத் திரையில் காட்டியபோது, "இது எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. சுவரளவுக்குப் பெருசா அச்சடிச்சுக் கொண்டாங்க" என்றார்.

"பெரிதாக்கிக் காட்டுகிறேன் ஐயா, திரையிலேயே" என்றேன்.

"திரையில வேணாம். சுவத்துல மாட்டுங்க. நாலு பேர் கிட்ட வந்து விரல் வெச்சுப் பாக்கணும்ல."

வெளியே வந்ததும் மேடம் சிரித்தார். "அண்ணன் அடுத்து மேப்பைக் கல்லுல செதுக்கச் சொல்லுவாரு. ரெடியா இரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐப்பசிக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் அப்பா போனில், "உன் சட்டம் எதுவரைக்கும் வந்திருக்கு? தாம்பரம் தாண்டிருச்சா?" என்று கேட்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கள் வடிகால் முடிகிற ஊரில் ஆவணியில் நடந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். அதற்கு முன் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை, பஸ் மாறிப் போக வேண்டும், போவதற்குக் காரியம் எதுவும் இருந்ததில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வடிகால் எங்கள் எல்லைக்கல்லோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் தண்ணீர் எங்கே போனாலும் அது 'போன தண்ணீர்'. நானும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறேன் என்பது அன்று வரை எனக்குத் தெரியாது.

சமுதாயக்கூடத்தின் ஒரு சுவர் முழுக்க என் வரைபடம். இருபத்து மூன்று சிவப்புப் புள்ளிகளும் எலுமிச்சம்பழ அளவு இருந்தன. குழு உறுப்பினர்கள் முன்னால் நாற்காலியில். எதிர்க்கட்சி உறுப்பினர் ஓரத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்திருந்தார். அரை மணி நேரத்தில் அவர் தலை மார்பில் சாய்ந்துவிட்டது. நான் எந்த ஊர் என்பதைச் சொல்லி, மசோதாவை விளக்கிவிட்டு, சிவப்பெல்லாம் சட்டவிரோதத் தடைகள், சட்டம் வந்த மறுநாளே அகற்றப்படும் என்று சொன்னேன்.  பிறகு நடுவரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்த ஊர்ப் பாசன சங்கத்தின் தலைவி. வரைபடத்தின் அருகே நின்று விரலால் வாய்க்காலைத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு பூவரச மரத்தடியைக் காட்டும் பச்சைத் திட்டைத் தாண்டி, ஒரு புள்ளியில் விரலை நிறுத்தினார்.

"இது என் கொறம்பு" என்றார்.

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் எழுந்து வந்து, "அப்ப இது நம்மளுது. அதுக்கு மேல இருக்குறது எங்க மச்சான் போட்டது" என்றார். "மச்சான் போட்டதா? வைக்கோல் கட்டு என்னுது, தென்னமட்டை என்னுது, பேரு மட்டும் மச்சானுக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒருவர் பின் ஒருவராக வந்து புள்ளிகளுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். ஏதோ கண்காட்சியில் தங்கள் வீட்டுப் படத்தைக் கண்டுபிடித்தவர்கள் மாதிரி இருந்தது அவர்கள் முகம். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொறம்பு என்ற சொல்லைக் கேட்காதவள் இல்லை நான். வாய்க்காலுக்குக் குறுக்கே கழிகளை ஊன்றி, தென்னைமட்டையும் வைக்கோலும் சேறும் வைத்து அடைத்து, தண்ணீரை ஒரு முழம் உயர்த்தி வயலுக்குத் திருப்புவது. எங்கள் ஊர் மேட்டு மதகின் கீழே இருப்பதால் எங்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. செயற்கைக்கோள் படத்தில் மேலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

சங்கத் தலைவி என் பக்கம் திரும்பினார். "பாப்பா, எங்களுக்கு ஆத்துத் தண்ணி இங்க வரைக்கும் வராது. மேல உங்க ஊருக்காரங்க வயல்ல பாய்ச்சி, மிச்சமாகி, வடிகால்ல விடுறாங்கல்ல, அதுதான் எங்க பாசனம். அதை இப்படி மறிச்சாத்தான் நாத்தங்கால் நனையும். ஆவணியில மறிப்போம், மழ எறங்குனதும் எடுத்துருவோம். இதை மறுநாளே எடுத்துட்டு என்னைய ஜெயில்ல வெப்பீங்கன்னா, நாத்துக்கு நீ வந்து தண்ணி எறைப்பியா?"

"இல்லக்கா" என்று மட்டும் சொன்னேன். மைக் அதைக் கூடம் முழுக்கச் சொன்னது.

மேடம் மசோதாவைப் புரட்டினார். வரையறைப் பக்கத்தில் விரலை வைத்து, "'தற்காலிகமானதாயினும்' – இதை யார் போட்டது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் மேடம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். "நல்லவேளை" என்றார். அவ்வளவுதான்.  மசோதா பங்குனியிலேயே நிறைவேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனம் தானாகக் கணக்கிட்டது. அந்த ஆவணியில், நாற்று விட்டிருக்கிற வாரத்தில், ஜே.சி.பி. இயந்திரம் என் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே புள்ளி புள்ளியாக வந்திருக்கும். பதினான்காம் புள்ளிக்கு எதிரே இந்த அக்காவின் பெயர் இருந்திருக்கும். அவர் எதற்காகத் தண்டிக்கப்படுகிறார் என்பது அவருக்கும் புரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.

சங்கத் தலைவி தன் இடத்துக்குத் திரும்பியபோது எழுந்த கைதட்டல் சத்தத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் விழித்துக்கொண்டார். என்ன விஷயம் என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "அதைத்தானே நான் அப்பலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

தவறு தெரிந்துவிட்டதால் வேலை முடிந்துவிடவில்லை. அடுத்த அமர்வுகளில்தான் எனக்கு இன்னொன்று விளங்கியது. கொறம்பை விட்டுவிட்டால் எங்கள் வயல் மூழ்குகிறது. எடுத்துவிட்டால் அவர்கள் நாற்றங்கால் காய்கிறது. இரண்டும் உண்மை. ஒரு தேதி குறித்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன்: ஐப்பசி முதல் நாள் எல்லாக் கொறம்பும் வெளியே. எனக்குத் தேதிகள் பிடிக்கும். அதற்காகவே மேடம் இரு ஊர் ஆட்களையும் ஒரே அமர்வுக்கு அழைத்தார். அப்பாவும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டு, யாருடனும் பேசாமல்.

"தேதி வெச்சா மழை அதைப் படிச்சுட்டா வரும்?" என்றார் சங்கத் தலைவி. "போன வருசத்துக்கு மொத வருசம் ஐப்பசி பாதி வரைக்கும் சொட்டு மழ இல்ல. அன்னிக்கு எடுத்திருந்தா வயலு வெடிச்சிருக்கும்."

அப்பா எழுந்தார். "மழை பேஞ்சப்புறம் எடுக்குறேன்னு சொல்லி, நீங்க எடுக்குறதுக்குள்ள எங்க பயிரு அழுவிருது. ஒம்போது நாள் நின்னுச்சு. எங்கள முழுவடிச்சுட்டு என்ன வெள்ளாமை?"

"எடுக்கத்தான் அண்ணே போனோம். கழுத்தளவு தண்ணியில எறங்கி எடுக்க முடியுமா? மேல மதகத் தொறந்துவுட்டாங்கன்னு எங்களுக்கு ஒரு போன் பண்ணீங்களா?"

"உங்க நம்பர் எங்ககிட்ட ஏது?"

"அதான் சொல்றேன்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அப்பாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஒரே தண்ணீரில் வெள்ளாமை செய்கிறவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அன்றுதான். கடைசியில் குழு எழுதிய விதி என் வரையறையைவிட நீளமானது, கச்சிதம் குறைந்தது. கொறம்பு தடை ஆகாது. மழை எச்சரிக்கை வந்தாலோ மேல் மதகு திறக்கப்படுவதாக இருந்தாலோ, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் முன்கூட்டியே இரு ஊர்ச் சங்கங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த ஒரு நாளுக்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால்தான் அது தடை. நிரந்தரமாகக் கட்டிய சுவருக்கும், கொட்டிய மண்ணுக்கும் பழைய கடுமை அப்படியே இருந்தது.

தாமதம் எல்லாம் நன்மைக்கே என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய். குழு இன்னும் அறிக்கை கொடுக்காத அந்த ஐப்பசியிலும் மழை பெய்தது. விதி இன்னும் நடைமுறையில் இல்லை, ஆனால் அன்று வாங்கி வைத்த நம்பர் இருந்தது. அப்பா போன் செய்தார். அவர்கள் இறங்கி எடுத்தார்கள். இரண்டு நாள் தாமதமாக. எங்கள் வயலில் பள்ளத்துப் பாதி போய்விட்டது. வடிகால் போய் முடியும் இடத்தில், என் படத்தில் புள்ளி விழாமல் யாரோ கட்டியிருந்த சுவரை அகற்ற அப்போது எந்தச் சட்டமும் இல்லை. அழுகிய பாதியைக் காட்டி அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை.  காத்திருப்பதன் விலையை எப்போதும் யாரோ ஒருவருடைய வயல் கொடுக்கிறது. அந்த வருடம் அது எங்களுடையதாக இருந்தது.

ஆனாலும் அந்த ஆவணிக் கூட்டத்துக்குப் பிறகு எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதற்குக் காரணம் தேட எனக்கு நாளாயிற்று. என் பழைய வேலையில் ஒரு நிரலில் பிழை வந்தால் மறுநாள் திருத்தி அனுப்பிவிடுவோம். யாருக்கும் கைவிலங்கு மாட்டியிருக்காது. சட்டத்தின் பிழை அப்படியில்லை. அது போலீஸோடும் இயந்திரத்தோடும் வாசலுக்கு வந்துவிடும், அதன் பிறகுதான் பிழை என்று தெரியும். எழுதுகிறவர் ஒருநாளும் போயிராத ஊர்களில் எல்லாம் அது ஒரே நாளில் நடைமுறைக்கு வந்துவிடும். அந்த ஊர்களுக்கு, தங்களைப் பற்றி ஏதோ எழுதப்படுகிறது என்று தெரிவதற்கே நாள் ஆகும். தெரிந்து, கூடிப் பேசி, ஒருவர் எழுந்து வந்து புள்ளியில் விரல் வைக்க இன்னும் நாள் ஆகும். அறிமுகம், குழு, கருத்துக் கேட்பு, திருத்தம், மறுபடி விவாதம் என்று அடுக்கி வைத்திருப்பது அந்த நாட்களைத் தருவதற்குத்தான். அதை மெத்தனம் என்று நினைத்திருந்தேன். என்னைப் போல நிச்சயமாக இருப்பவர்களுக்காகவே அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வரைவு அறையில் என்னைவிட அக்கறையோடு இருந்தவர் யாரும் இல்லை. என்னைவிடத் தவறாக இருந்தவரும் யாரும் இல்லை.

தையில் கூடிய கூட்டத்தொடரில் சட்டம் நிறைவேறியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஆதரித்து இருபது நிமிடம் பேசினார். அதில் பதினைந்து நிமிடம் தன்னால்தான் இது நல்ல சட்டமானது என்பதைப் பற்றி. ஆளுநர் ஒப்புதல், விதிகள், அரசிதழ் என்று அதன் பிறகும் மாதங்கள் போயின. அந்த வருட ஆவணியில் நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லை. நானே போய்ப் பேசினேன். நீங்கள் நிறுத்தியிருக்காவிட்டால் பெரிய தவறு நடந்திருக்கும், நன்றி என்றேன். அவர் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"உண்மையச் சொல்லட்டுமாம்மா? அன்னிக்கு நான் மசோதாவைப் படிக்கவே இல்ல. உங்க மேடம் ஒரே நாள்ல பேர் வாங்கிட்டுப் போயிருவாங்களேன்னு இருந்துச்சு. அதான் எந்திரிச்சேன்."

"ஊர் ஊராகக் கூட்டம் போடச் சொன்னது?"

"எந்தொகுதியிலயும் ஒரு கூட்டம் போட்டா நாலு பேர் பாப்பான்ல."

"சுவரளவு வரைபடம்?"

"அது நெசமாவே கண்ணு தெரியலம்மா. ரெண்டு கண்ணுலயும் புரை. கண்ணாடி போட்டாலும் மங்கல், கழட்டினாலும் மங்கல். இப்பதான் ஆபரேஷன் பண்ணேன். உன்னையே இன்னிக்குத்தான் ஒழுங்கா பாக்குறேன்."

சிரித்துக்கொண்டே கை கழுவப் போனேன். ஏமாற்றம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இலேசானேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு ஞானி வந்து தடுத்ததால் நாங்கள் தப்பினோம் என்றால், அடுத்த முறை ஞானி வராமல் போகலாம். பொறாமையும், ஓட்டு ஆசையும், கண்புரையும் உள்ள ஒருவர் போதும் என்கிற மாதிரி அந்த முறை அமைந்திருக்கிறது. அவர் எழுந்து கேட்டால், அனுப்பலாமா என்று அவையைக் கேட்டாக வேண்டும் என்ற விதி இருந்தது. அவருக்குத் தெரியாமலே அது அவர் வழியாக வேலை செய்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் 'தாமதம்' கோப்பைத் திறந்து மூன்றாம் பத்தியில் இருந்த அவர் பெயரைப் பார்த்தேன். அழிக்கவில்லை. அவர் செய்தது தாமதம்தான்.

நான் இப்போது மீண்டும் சென்னையில் வேறு வேலையில் இருக்கிறேன். போன மாதம், ஐப்பசி இரண்டாவது வாரம், மழை எச்சரிக்கை வந்த மறுநாள் காலை அலுவலகத்தில் இருந்தேன். பத்து மணிக்குச் சங்கத் தலைவியிடமிருந்து குரல் செய்தி. "பாப்பா, லஸ்கர் நேத்து சாயங்காலமே சொல்லிட்டாரு. இருவத்தி மூணும் எடுத்தாச்சு. மச்சானுதுதான் கடைசி, வழக்கம்போல. உங்க அப்பாட்ட சொல்லிரு." பின்னணியில் நிறையப் பேர் சேற்றில் நடக்கிற சத்தம், யாரோ யாரையோ கேலி செய்கிற சத்தம்.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை அப்பாவைக் கூப்பிட்டேன். வயலில்தான் இருந்தார். என்னிடம் பேசாமல் போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது; வடிகாலில் தண்ணீர் விழுந்து ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. 

"நேத்து முழங்காலுக்கு நின்னுச்சு. இப்ப கணுக்கால்தான்" என்றார் அப்பா. "பயிரு தல தூக்கிருச்சு."

 மெட்ராஸ் வருவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "சரி, வெச்சுடவா? பள்ளத்து வயல்ல ரெண்டு மூணு எடத்துல பயிரு போயி போக்கு விட்டிருக்கு, நாத்து வாங்கி நடணும். கீழ அவங்ககிட்ட மிச்சம் இருக்காம், தரேன்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.